'லு'வா, 'லே'யா? பிரெஞ்சில் பெயர்ச்சொல் ஏன் தனியா வெளியே வராது

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கியிருக்கிறோம். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடியும். சரியான உச்சரிப்புக்கு ஆடியோவைக் கேளுங்கள்.

உங்க ஃபோன்ல டைம் ஜோன் செட்டிங்ஸ் பக்கம் எப்பவாவது போயிருக்கீங்களா? இந்தியாவுக்கு 'யூ.டி.சி. பிளஸ் 5:30'ன்னு காட்டும். அந்த யூ.டி.சி.க்கு விரிவு என்னன்னு தேடினா, ஆங்கிலத்துல 'கோஆர்டினேட்டட் யூனிவர்சல் டைம்'னு வரும். முதல் எழுத்துகளைச் சேர்த்தா சி.யூ.டி. தானே வரணும்? எப்படி யூ.டி.சி. ஆச்சு?

பிரெஞ்சுல அதே விஷயம் 'தாம் யூனிவெர்செல் கோஓர்தொனே'. 'தாம்'னா நேரம். அதோட சுருக்கம் டி.யூ.சி. உலகம் முழுக்க ஒரே சுருக்கம் வேணும்னு முடிவு செஞ்சப்போ, ஆங்கிலத்தோட சி.யூ.டி.யும் வேண்டாம், பிரெஞ்சோட டி.யூ.சி.யும் வேண்டாம்னு, ரெண்டு மொழிக்கும் பொருந்தாத யூ.டி.சி.யை வெச்சாங்க. ஏற்கெனவே யூ.டி.1 மாதிரி பெயர்கள் புழக்கத்துல இருந்ததால அதோட ஒத்தும் போச்சு. ரெண்டு மொழிகள் சொற்களை அடுக்குற விதத்துல இருக்குற ஒரு சண்டை உங்க பாக்கெட்ல இருக்கு.

இதே சண்டை வேற இடங்கள்லயும் தெரியும். நேட்டோவோட சின்னத்தைப் பாருங்க. ஒரு பக்கம் என்.ஏ.டி.ஓ., இன்னொரு பக்கம் ஓ.டி.ஏ.என். கண்ணாடியில பார்த்த மாதிரி அப்படியே தலைகீழ். எய்ட்ஸுக்கு பிரெஞ்சுல 'சீதா'ன்னு சொல்வாங்க. நம்ம காதுக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும். ஏ.ஐ.டி.எஸ். என்ற அதே நாலு எழுத்தை வேற வரிசையில அடுக்கினா எஸ்.ஐ.டி.ஏ., அவ்வளவுதான். டி.என்.ஏ. அங்கே ஏ.டி.என்.

ஆங்கிலம் முக்கியமான பெயர்ச்சொல்லைக் கடைசியில வைக்கும். பிரெஞ்சு அதை முன்னாடியே சொல்லிட்டு, விவரங்களை அப்புறம் தொங்கவிடும். பிரெஞ்சு கிளாஸ் போறவங்களுக்கு இது முதல் மாசத்துலயே தெரிஞ்சிடும். ஆனா இன்னிக்கு நான் பேச வந்தது இதைவிட அடியில இருக்குற ஒரு வித்தியாசம். அதைக் கிளாஸ்ல யாரும் பெருசா சொல்றதில்ல. அது புரியாததால மார்க் போறவங்க நிறையப் பேர்.

ஒரு கேட்பாளர் எழுதியிருந்தாங்க. சென்னையில ஐ.டி. வேலை, சாயங்காலம் பிரெஞ்சு வகுப்பு. கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரியில பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும்ல, அதுக்காக. பேச்சுத் தேர்வுக்கான பயிற்சியில 'எனக்கு காஃபி பிடிக்கும்'னு சொல்ல 'ழெம் கஃபே'ன்னு சொல்லியிருக்காங்க. ஆசிரியை உடனே நிறுத்தி, 'ழெம் லு கஃபே'ன்னு திருத்தினாங்களாம். இவங்க கேட்டது நியாயமான கேள்வி: "ஆங்கிலத்துல 'ஐ லைக் காஃபி'ன்னா பொதுவா காஃபி பிடிக்கும். 'ஐ லைக் த காஃபி'ன்னா ஏதோ ஒரு குறிப்பிட்ட காஃபி. பிரெஞ்சுல பொதுவா சொல்றதுக்கு எதுக்கு 'த'?" கிடைச்ச பதில்: "ரூல் அப்படித்தான்."

ரூல் அப்படித்தான். ஆனா அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. முதல்ல ஒரு சின்ன சோதனை. ரெண்டு வாக்கியம் சொல்றேன், காதை மட்டும் நம்புங்க.

லு ஷா எம் லு லே.
லே ஷா எம் லு லே.

முதல் வாக்கியத்துக்கு 'பூனைக்குப் பால் பிடிக்கும்'னு அர்த்தம். ரெண்டாவது, 'பூனைகளுக்குப் பால் பிடிக்கும்'. காகிதத்துல எழுதினா ரெண்டாவது வாக்கியத்துல மூணு சொல்லும் மாறும். ஆர்ட்டிகிள்ல எஸ் சேரும், பூனையில எஸ் சேரும், வினைச்சொல்லுக்கு என்.டி.ன்னு ஒரு வால் முளைக்கும். ஆனா அந்த வாலும் அந்த எஸ்ஸும் வாயில வராது. பூனைன்னாலும் பூனைகள்னாலும் 'ஷா'தான். காதுல விழுற ஒரே வித்தியாசம் முதல் சொல்லோட உயிரொலி. 'லு'ன்னா ஒண்ணு, 'லே'ன்னா பல. அதை விட்டுட்டா எத்தனை பூனைன்னு யாருக்கும் தெரியாது.

இப்ப இதையே ஆங்கிலத்துல சொல்லிப் பாருங்க. 'த கேட்', 'த கேட்ஸ்'. ஆர்ட்டிகிள் அசையல. பன்மை பெயர்ச்சொல்லோட கடைசியில ஒட்டிக்கிட்டு நல்லாக் கேக்குது. தமிழ்லயும் 'கள்' பெயர்ச்சொல் மேலதான் ஏறுது. நமக்குத் தெரிஞ்ச ரெண்டு மொழியும் எண்ணிக்கையைப் பெயர்ச்சொல்லோட பின்பக்கத்துல வைக்குது. அதனால நம்ம காது பழக்கத்துல சொல்லோட கடைசியைத்தான் கவனிக்கும். பிரெஞ்சுல தகவல் அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடும். லிஸனிங் டெஸ்ட்ல ஒருமை பன்மை கேள்விகள்ல நாம தடுமாற இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். நாம தப்பான இடத்துல காத்துக்கிட்டு இருக்கோம்.

இன்னும் நீளமா ஒண்ணு. 'லா ப்தீத் மேஸோன் ப்லான்ஷ்', அந்தச் சின்ன வெள்ளை வீடு. பன்மையில 'லே ப்தீத் மேஸோன் ப்லான்ஷ்'. எழுதும்போது நாலு சொல்லுக்கும் எஸ் போடணும். ஒண்ணு விட்டாலும் மார்க் போச்சு. பேசும்போது மாறுறது 'லா'வும் 'லே'யும் மட்டும். பிரான்ஸ்ல பொறந்து வளர்ந்த குழந்தைகளும் டிக்டேஷன்ல இந்த எஸ்களை விட்டுட்டுத் திட்டு வாங்குறாங்க. காதுல கேக்காத எழுத்தை எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது, பாவம்.

விதிவிலக்கு உண்டு. குதிரை 'ஷவால்', குதிரைகள் 'ஷவோ'. செய்தித்தாள் 'ழுர்னால்', பன்மை 'ழுர்னோ'. உயிரொலியில தொடங்குற சொல்லா இருந்தா அந்த ஊமை எஸ்ஸுக்கு உயிர் வரும். 'லே'யும் 'அமி'யும் சேர்ந்தா 'லேஸாமி', நண்பர்கள். ஆனா கவனிங்க, அங்கேயும் உயிர் வந்தது ஆர்ட்டிகிளோட எஸ்ஸுக்கு.

இப்ப காஃபிக்கு வருவோம். ஆங்கிலத்துல ஒரு பெயர்ச்சொல் எப்ப ஆர்ட்டிகிள் இல்லாம வரலாம்? பன்மையா இருந்தா வரலாம், 'கேட்ஸ் லைக் மில்க்'. எண்ண முடியாத பொருளா இருந்தாலும் வரலாம், அந்த மில்க் மாதிரி. எண்ணக்கூடிய ஒருமைக்கு மட்டும்தான் தடை. 'ஐ சா கேட்'னு சொல்ல முடியாது. பிரெஞ்சுல இந்தச் சலுகை கிட்டத்தட்ட யாருக்குமே கிடையாது. ஒருமை, பன்மை, பால், காஃபி, அன்பு, சுதந்திரம் எல்லாத்துக்கும் முன்னாடி ஏதோ ஒரு சொல் நிக்கணும். ஆர்ட்டிகிளா இருக்கலாம், 'என்', 'இந்த', 'மூணு' மாதிரி ஒண்ணா இருக்கலாம். சட்டை போடாம வெளியே போகாத ஆள் மாதிரி.

அதனால 'ழெம் லு கஃபே'யில இருக்குற 'லு'வை ஆங்கில 'த'வா மொழிபெயர்க்காதீங்க. ஆங்கிலத்துல 'த' ஒரு சேதி சொல்லுது: "உனக்கும் எனக்கும் தெரிஞ்ச அந்த ஒண்ணு". பிரெஞ்சு 'லு' அந்த வேலையையும் செய்யும். அதோட, "இங்க ஒரு பெயர்ச்சொல் வருது, அது ஆண்பால், அது ஒருமை"ன்னு அறிவிக்கிற வேலையும் அதுக்கு இருக்கு. பொதுவா காஃபியா, மேஜை மேல இருக்குற காஃபியான்னு சூழ்நிலையை வெச்சுப் புரிஞ்சுக்கணும்.

எப்பவுமே இப்படி இருந்ததா? இல்ல. பிரெஞ்சோட தாய் லத்தீன்ல ஆர்ட்டிகிளே கிடையாது. 'அந்த'ன்னு சுட்டுற 'இல்லே', 'இல்லா'ங்கிற சொற்கள் தேய்ஞ்சு தேய்ஞ்சுதான் 'லு', 'லா' ஆச்சு. 'ஒண்ணு'ங்கிற 'ஊனுஸ்'தான் 'அன்' ஆச்சு. பழைய பிரெஞ்சுல கடைசி எஸ்ஸை வாயைத் திறந்து உச்சரிச்சாங்க. அப்ப பெயர்ச்சொல் ஆர்ட்டிகிள் இல்லாம வர்றதும் சகஜமா இருந்தது. இடைக்காலத்தோட பிற்பகுதியில சொல்லின் கடைசியில இருக்குற மெய்யொலிகள் ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சது. பன்மையைச் சொல்லிக்கிட்டிருந்த ஒலி போயிடுச்சு. முன்னாடி நின்ன ஆர்ட்டிகிள் கட்டாயமாச்சு.

ஒலி போனதால ஆர்ட்டிகிள் கட்டாயமாச்சா, ஆர்ட்டிகிள் பரவினதால ஒலி போனாலும் பரவாயில்லன்னு ஆச்சா? மொழியியல்காரங்க இதைக் கோழி முட்டை மாதிரி விவாதிக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தோள் கொடுத்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது. பழைய நிலைமையோட மிச்சங்கள் இன்னும் கிடக்கு. 'எனக்குப் பசிக்குது'ன்னு சொல்ல 'ழே ஃபேன்', அதாவது 'என்னிடம் பசி இருக்கு'. பசிக்கு முன்னாடி ஆர்ட்டிகிள் இல்ல. ஆங்கிலத்துல சிலர் ஸ்டைலா சொல்ற 'நொப்லெஸ் ஒப்ளீழ்'லயும் இல்ல. தினமும் வாயில புரண்ட சொற்றொடர்கள் புது ரூலுக்கு அசையாம அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு.

ஒரு சின்ன தியரி. பள்ளிக்கூடத்துல பெயர்த் தொடர்னா அதோட தலைமை பெயர்ச்சொல்தான்னு படிச்சிருப்போம். 1987ல் எம்.ஐ.டி.யில ஸ்டீவன் ஆப்னி தன்னோட ஆய்வேட்டுல இதைத் திருப்பிப் போட்டார். 'த', 'எ', 'திஸ்' மாதிரி முன்னாடி நிக்கிற சின்னச் சொல்தான் தலைமை, பெயர்ச்சொல் அதுக்குக் கீழேன்னு வாதாடினார். அவர் எழுதினது ஆங்கிலத்தைப் பத்தி. ஆங்கிலத்தை மட்டும் பார்த்தா கொஞ்சம் வம்பா தோணும். பிரெஞ்சைப் பார்த்தா, இதுக்கு ஏன் இவ்வளவு நாள் ஆச்சுன்னு தோணும்.

ஏன்னா பாலும் அங்கதான் இருக்கு. டூர் டி பிரான்ஸ், ஈஃபில் டவர் ரெண்டும் உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுல சுற்றும் 'தூர்', கோபுரமும் 'தூர்'. எழுத்தும் ஒண்ணு, ஒலியும் ஒண்ணு. 'லு தூர்'னா சைக்கிள் ரேஸ், 'லா தூர்'னா கோபுரம். 'லு லீவ்ர்' புத்தகம், 'லா லீவ்ர்' பிரிட்டிஷ் பவுண்டு. அதனால சொற்பட்டியல் மனப்பாடம் பண்றவங்களுக்கு ஒரு யோசனை. சொல்லைத் தனியா எழுதாதீங்க. 'லு', 'லா' போட்டும் எழுதாதீங்க. 'அன்', 'யூன்' போட்டு எழுதுங்க. உயிரொலிக்கு முன்னாடி 'லு', 'லா' ரெண்டும் வெறும் 'ல்' ஆயிடும். பள்ளிக்கூடம் 'லேகோல்'. இதுல ஆணா பெண்ணா தெரியுதா? 'யூன் ஏகோல்'னா உடனே தெரிஞ்சிடும், பெண்பால்.

காஃபி இன்னும் முடியல. 'காஃபி பிடிக்கும்'னா 'லு கஃபே'. 'காஃபி குடிக்கிறேன்'னா 'ட்யூ கஃபே'. பிடிக்கிறது உலகத்துல இருக்குற காஃபி அத்தனையும், குடிக்கிறது அதுல கொஞ்சம். ஆங்கிலம் ரெண்டு இடத்துலயும் வெறும் 'காஃபி'ன்னு விட்டுடும். பிரெஞ்சு கேக்கும்: முழுசா, கொஞ்சமா? 'குடிக்கிறதில்ல'ன்னா 'பா டு கஃபே'ன்னு சுருங்கிடும். 'பிடிக்காது'ன்னு சொன்னா மட்டும் 'லு' அப்படியே நிக்கும். ஏன்னா பிடிக்காதது மொத்தக் காஃபியும். இந்த இடத்துல பிரெஞ்சு ஆங்கிலத்தைவிட நேர்மையான மொழின்னு எனக்கு ஒரு எண்ணம். சண்டைக்கு வராதீங்க.

சரி, பெயரடைகள். கிளாஸ்ல சொல்றது: பெரும்பாலான பெயரடை பின்னாடி வரும், அழகு, வயசு, நல்லது கெட்டது, அளவு சொல்றது மட்டும் முன்னாடி வரும். ஆங்கில முதலெழுத்துகளை வெச்சு 'பேக்ஸ்'னு ஞாபகம் வெச்சுக்கச் சொல்வாங்க. பரிட்சைக்குப் போதும், வாழ்க்கைக்குப் போதாது. ஏன்னா ஒரே சொல் இடம் மாறினா அர்த்தம் மாறும். 'மா ப்ரோப்ர் ஷாம்ப்ர்'னா எனக்கே எனக்கான அறை. 'மா ஷாம்ப்ர் ப்ரோப்ர்'னா என்னோட சுத்தமான அறை. ரெண்டும் ஒண்ணு இல்லங்கிறது ஹாஸ்டல்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். 'ஆன்ஸியென்'னை ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி வெச்சா பழைய ஆஸ்பத்திரி, வைத்தியம் நடக்கும். முன்னாடி வெச்சா முன்னாள் ஆஸ்பத்திரி. காய்ச்சலோட அங்க போய் நின்னீங்கன்னா அது இப்ப ஹோட்டலா இருக்கலாம்.

நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. பின்னாடி வர்ற பெயரடை பொருளைப் பிரிச்சுக் காட்டுது, எந்த வீடு, வெள்ளை வீடு. முன்னாடி வர்றது பெயர்ச்சொல்லோட அர்த்தத்துக்குள்ளயே கையை விட்டு மாத்துது. ஆங்கிலத்துலயும் இதோட நிழல் இருக்கு. 'பிரசென்ட் மெம்பர்ஸ்'னா இப்போதைய உறுப்பினர்கள், மீட்டிங் மினிட்ஸ்ல எழுதுற 'மெம்பர்ஸ் பிரசென்ட்'னா அன்னிக்கு வந்திருந்தவங்க. இன்னொண்ணு, 'அட்டர்னி ஜெனரல்', 'கோர்ட் மார்ஷியல்', 'நோட்டரி பப்ளிக்' இதெல்லாம் ஏன் தலைகீழா இருக்கு? 1066ல் நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதும் அரண்மனை, கோர்ட் எல்லாம் பிரெஞ்சுப் பக்கம் போயிடுச்சு. சட்டத்தோட சேர்ந்து சொல் வரிசையும் குடியேறிடுச்சு. அதனாலதான் பன்மையில 'அட்டர்னீஸ் ஜெனரல்'. இதைத் தப்பா 'ஜெனரல்ஸ்'னு எழுதி மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவங்க இருப்பீங்க.

ஆங்கிலம் சோம்பேறியா இருக்குற இடம் ஒண்ணு சொல்லிடுறேன். 'பேப்பர் பேக்', 'ஹேண்ட்பேக்', 'ஸ்லீப்பிங் பேக்'. பேப்பரால செஞ்சது, கையில பிடிக்கிறது, தூங்குறதுக்கு உள்ளது. ஆங்கிலம் எதையும் விளக்காம ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டுப் போயிடும். பிரெஞ்சுல பை முதல்ல வரும், நடுவுல ஒரு பிரெபொசிஷன் வந்து உறவைச் சொல்லும். 'ஸாக் ஆன் பாப்பியே', 'ஸாக் ஆ மேன்', 'ஸாக் டு கூஷாழ்'. காஃபி கோப்பையும் அப்படித்தான். 'தாஸ் ஆ கஃபே'ன்னா காஃபிக்கான கோப்பை, காலியா இருக்கலாம். 'தாஸ் டு கஃபே'ன்னா உள்ள காஃபி இருக்கு. கடையில மாத்திக் கேட்டா வெறும் கோப்பையை நீட்டினாலும் தப்பு சொல்ல முடியாது.

'அவன் அம்மா', 'அவள் அம்மா' ரெண்டுக்கும் பிரெஞ்சுல 'ஸா மேர்'தான். 'ஸா' பார்க்கிறது அம்மாவோட பாலை, பிள்ளையோட பாலை இல்ல. ஆங்கிலத்துல 'ஹிஸ்', 'ஹெர்' நேர் எதிர். இதைப் பத்தித் தனியா ஒரு எபிசோடு போடலாம்னு இருக்கேன்.

மெயில் அனுப்பின தோழிக்கு: உங்க ஆசிரியை திருத்தினது சரி. அடுத்த பயிற்சிக்கு முன்னாடி ஒரு வாரம் ஒரே ஒரு வேலை பண்ணிப் பாருங்க. பிரெஞ்சு ரேடியோ ஏதாவது போட்டுட்டு, அர்த்தத்தைப் பிடிக்க முயற்சி பண்ணாம 'லு', 'லா', 'லே', 'அன்', 'யூன்', 'டே' இதை மட்டும் விரல் விட்டு எண்ணுங்க. முதல் நாள் ஒண்ணும் பிடிபடாது, வேகமா ஓடும். மூணாவது நாலாவது நாள்ல பெயர்ச்சொற்கள் எங்க ஆரம்பிக்குதுன்னு கேக்க ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.

ஒண்ணு மறந்துட்டேன். 'டே' பன்மை ஆர்ட்டிகிள், ஆனா பெயரடை முன்னாடி வந்தா எழுத்து நடையில அது 'டு'ன்னு ஆயிடும். 'டே மேஸோன்' வீடுகள், 'டு ப்தீத் மேஸோன்' சின்ன வீடுகள். பேச்சுல பலர் 'டே ப்தீத்'னே சொல்றாங்க. கட்டுரைத் தேர்வுல மட்டும் ஜாக்கிரதை. அடுத்த வாரம் பார்ப்போம், கேள்வி இருந்தா அனுப்புங்க.